பி.எஸ்சி. நர்சிங்: விண்ணப்பம் முதல் பதிவு வரை

பிளஸ் டூ முடிவுகள் வெளியானதும் நர்சிங் படிக்க விரும்பும் மாணவர்களும் பெற்றோரும் கேட்கும் முதல் கேள்வி, எந்தக் கல்லூரியில் இடம் கிடைக்கும் என்பதுதான். அதற்கு முன்பே கேட்க வேண்டிய கேள்வி வேறொன்று: அந்தக் கல்லூரி தன் மாணவர்களை எந்த மருத்துவமனையின் வார்டுகளில் நிறுத்திப் பழக்குகிறது? நான்கு ஆண்டுகளில் பாதிக்கும் மேற்பட்ட நேரம் நோயாளியின் அருகில்தான் கழிகிறது. ஆகவே கட்டடம், பேருந்து, விடுதி ஆகியவற்றைவிட வார்டில் நோயாளிகள் இருக்கிறார்களா, கற்றுக்கொடுக்க ஆசிரியர் உடன் வருகிறாரா என்பவையே இந்தப் படிப்பின் தரத்தை முடிவு செய்கின்றன. விண்ணப்பம் முதல் பதிவு வரையிலான எல்லாப் படிகளையும் இந்தக் கண்ணோட்டத்தோடு பார்த்தால் பல குழப்பங்கள் தாமாகவே விலகும்.

தகுதியிலிருந்து தொடங்குவோம். பிளஸ் டூவில் இயற்பியல், வேதியியல், உயிரியல் ஆகிய மூன்றையும் ஆங்கிலத்தோடு படித்துத் தேர்ச்சி பெற்றிருக்க வேண்டும். உயிரியலுக்குப் பதிலாகத் தாவரவியலையும் விலங்கியலையும் தனித்தனியாகப் படித்தவர்களும் விண்ணப்பிக்கலாம். நாடு முழுவதும் நர்சிங் படிப்புகளுக்கு விதி வகுக்கும் இந்திய நர்சிங் கவுன்சிலின் விதிப்படி அறிவியல் பாடங்களில் மொத்தமாக 45 சதவீதம் பெற்றிருக்க வேண்டும். பட்டியல் சாதியினருக்கும் பழங்குடியினருக்கும் 40 சதவீதம் போதும். சேரும் ஆண்டின் டிசம்பர் 31ஆம் தேதிக்குள் 17 வயது நிறைந்திருக்க வேண்டும். இவற்றோடு உடல்தகுதிச் சான்றும் தேவை. கணிதமும் கணினி அறிவியலும் படித்து உயிரியல் படிக்காதவர்கள் இந்தப் பட்டப்படிப்பில் சேர முடியாது. அவர்கள் மூன்றாண்டு டிப்ளமோ நர்சிங் படித்துவிட்டு, பின்னர் இரண்டாண்டு போஸ்ட் பேசிக் பி.எஸ்சி. வழியாகப் பட்டம் பெறலாம். அந்த வழியைத் தாழ்வாக நினைப்பது சரியல்ல. வார்டு அனுபவத்தோடு பட்ட வகுப்புக்கு வரும் டிப்ளமோ செவிலியர்கள் பலர் மிக நன்றாகப் படிக்கிறார்கள்.

தமிழ்நாட்டில் அரசுக் கல்லூரி இடங்களுக்கும், தனியார் கல்லூரிகள் அரசுக்கு ஒப்படைக்கும் இடங்களுக்கும் சென்னை கீழ்ப்பாக்கத்தில் இயங்கும் மருத்துவக் கல்வி இயக்ககத்தின் தேர்வுக் குழு மாணவர்களைத் தேர்ந்தெடுக்கிறது. நர்சிங், பி.பார்ம்., பிசியோதெரபி முதலிய துணை மருத்துவப் பட்டப்படிப்புகள் அனைத்துக்கும் ஒரே விண்ணப்பம்தான். அதை இணையவழியில் நிரப்ப வேண்டும். இந்த இடங்களுக்கு நீட் மதிப்பெண் கேட்பதில்லை. பிளஸ் டூ மதிப்பெண்ணே அடிப்படை. உயிரியலை 100க்கும், இயற்பியலையும் வேதியியலையும் தலா 50க்கும் மாற்றி, மொத்தம் 200க்குத் தரவரிசை மதிப்பெண் கணக்கிடப்படுகிறது. உயிரியலில் 94, இயற்பியலில் 80, வேதியியலில் 84 பெற்ற ஒருவருக்கு 94, 40, 42 எனச் சேர்ந்து 176 வரும். உயிரியலில் கூடும் ஒவ்வொரு மதிப்பெண்ணும் முழுதாகச் சேர்கிறது, மற்ற இரண்டில் பாதிதான் சேர்கிறது என்பதைப் பதினொன்றாம் வகுப்பிலேயே தெரிந்துகொண்டவருக்கு அது உதவும்.

இடங்கள் 69 சதவீத இட ஒதுக்கீட்டின்படி பகிரப்படுகின்றன: பொதுப் பிரிவுக்கு 31, பிற்படுத்தப்பட்டோருக்கு 26.5, பிற்படுத்தப்பட்ட முஸ்லிம்களுக்கு 3.5, மிகவும் பிற்படுத்தப்பட்டோருக்கும் சீர்மரபினருக்கும் 20, பட்டியல் சாதியினருக்கு 15, அருந்ததியருக்கு 3, பழங்குடியினருக்கு 1 சதவீதம். சாதிச் சான்றிதழ் இல்லாமல் விண்ணப்பித்தால் மாணவர் பொதுப் பிரிவிலேயே வைக்கப்படுவார்; பின்னர் கலந்தாய்வு நேரத்தில் அதை மாற்றக் கேட்பது பெரும்பாலும் பயன் தருவதில்லை. ஆகவே பொதுத் தேர்வு முடிந்து முடிவுக்காகக் காத்திருக்கும் வாரங்களிலேயே சாதிச் சான்றிதழ், வருமானச் சான்றிதழ், வெளிமாநிலத்தில் படித்தவராக இருந்தால் இருப்பிடச் சான்றிதழ் ஆகியவற்றை இ-சேவை மையத்தில் விண்ணப்பித்து வாங்கிவிட வேண்டும். ஒவ்வொன்றிலும் பெயரும் தந்தை பெயரும் முன்னெழுத்தும் பத்தாம் வகுப்புச் சான்றிதழில் உள்ளபடியே இருக்கின்றனவா என்று எழுத்து எழுத்தாக ஒப்பிட்டுப் பாருங்கள். இன்று கவனிக்காமல் விட்ட ஓர் எழுத்து வேறுபாடு, நான்கு ஆண்டு கழித்துக் கவுன்சில் பதிவின்போதும் அதற்கும் பின்னால் கடவுச்சீட்டு எடுக்கும்போதும் பெருந்தடையாக வந்து நிற்கும்.

தரவரிசைப் பட்டியல் வந்த பிறகு கலந்தாய்வு நடக்கும். இங்குதான் பெரும்பாலான குடும்பங்கள் அவசரப்படுகின்றன. சென்னை மருத்துவக் கல்லூரி, மதுரை மருத்துவக் கல்லூரி ஆகியவற்றோடு இணைந்த நர்சிங் கல்லூரிகள் போன்றவற்றில் கட்டணம் மிகக் குறைவு. அதைவிட முக்கியமாக, அங்கே ஒரு மாணவர் ஒரே மாதத்தில் பார்க்கும் நோயாளிகளின் எண்ணிக்கையும் நோய்களின் வகையும் வேறு இடங்களில் கிடைப்பது அரிது. அத்தகைய கல்லூரிகளை விருப்பப் பட்டியலின் மேலே வையுங்கள். வீட்டுக்குப் பக்கம் என்ற ஒரே காரணத்துக்காகச் சிறிய மருத்துவமனை உள்ள கல்லூரியை முதலில் எழுத வேண்டாம். தரவரிசைப்படி உங்கள் முறை வரும்போது மேலே எழுதிய கல்லூரி நிரம்பியிருந்தால் அடுத்ததற்குத்தான் போகும். உயர்ந்த கல்லூரியை முதலில் எழுதுவதால் கீழே உள்ளது கைவிட்டுப் போகாது.

தேர்வுக் குழுவின் விண்ணப்பத்துக்கு வெளியேயும் வாசல்கள் உண்டு. வேலூர் கிறித்துவ மருத்துவக் கல்லூரிக்குத் தனி விண்ணப்பமும் தனித் தேர்வுமுறையும் உண்டு. 1946இல் இந்தியாவில் முதன்முதலாகப் பட்டநிலை நர்சிங் படிப்பு தொடங்கப்பட்ட இடங்களில் அதுவும் ஒன்று. புதுச்சேரி ஜிப்மரும் இராணுவச் செவிலியர் பணிக்கான பி.எஸ்சி. நர்சிங் படிப்பும் நீட் மதிப்பெண்ணைக் கேட்கின்றன. இராணுவப் படிப்பு பெண்களுக்கு மட்டுமே உரியது. எய்ம்ஸ் நிறுவனங்கள் தனி நுழைவுத் தேர்வு நடத்துகின்றன. எனவே நர்சிங்தான் படிக்கப் போகிறோம் என்று உறுதியாக இருக்கும் மாணவருக்கும் நீட் எழுதுவதால் இழப்பு எதுவும் இல்லை. இரண்டு நல்ல வாசல்கள் கூடுதலாகத் திறக்கும். ஆண்கள் மட்டும் ஒன்றைக் கவனிக்க வேண்டும்: எல்லாக் கல்லூரிகளிலும் அவர்களுக்கு இடமில்லை. விருப்பப் பட்டியல் எழுதும் முன் அந்தந்த ஆண்டின் தகவல் தொகுப்பேட்டைப் படித்து உறுதி செய்துகொள்ளுங்கள்.

கல்லூரியை எப்படிச் சோதிப்பது

நிர்வாக ஒதுக்கீட்டில், அதாவது கல்லூரி தானே நிரப்பும் இடத்தில், பணம் கட்டிச் சேர்வதாக இருந்தால் இந்தப் பகுதியை இருமுறை படியுங்கள். ஒரு கல்லூரி பட்டம் தர மூன்று இடங்களின் ஏற்பு வேண்டும்: தமிழ்நாடு டாக்டர் எம்.ஜி.ஆர். மருத்துவப் பல்கலைக்கழகத்தின் இணைப்பு அல்லது வேறொரு பல்கலைக்கழகத்தின் உறுப்புத் தகுதி, தமிழ்நாடு செவிலியர் மற்றும் தாதியர் குழுமத்தின் அங்கீகாரம், இந்திய நர்சிங் கவுன்சிலின் பட்டியலில் இடம். இவற்றைக் கல்லூரியின் விளம்பரத் தாளில் பார்க்காதீர்கள். அந்தந்த அமைப்பின் இணையதளத்தில் கல்லூரியின் பெயரையும் ஊரையும் அனுமதிக்கப்பட்ட இடங்களின் எண்ணிக்கையையும் நேரடியாகப் பாருங்கள். ஊர்தோறும் மாடிக் கட்டடங்களில் நடக்கும் பயிற்சி மையங்கள் சில, நர்சிங் என்ற பெயரில் ஓராண்டு, ஈராண்டுச் சான்றிதழ்களைத் தருகின்றன. கவுன்சில் ஏற்பு இல்லாத சான்றிதழை வைத்துச் செவிலியராகப் பதிவு செய்ய முடியாது. கட்டிய பணமும் போன ஆண்டுகளும் திரும்ப வாரா. ஏழைக் குடும்பத்துப் பெண்கள்தாம் இதில் அதிகம் சிக்குகிறார்கள் என்பதால் இதைச் சற்று அழுத்தியே சொல்கிறேன்.

அடுத்தது மருத்துவமனை. நர்சிங் கல்லூரிக்குக் குறைந்தது 100 படுக்கைகள் கொண்ட சொந்த மருத்துவமனை வேண்டும், ஒரு மாணவருக்கு மூன்று நோயாளிகள் என்ற விகிதம் இருக்க வேண்டும், பத்து மாணவர்களுக்கு ஓர் ஆசிரியர் வேண்டும் என்பவை கவுன்சிலின் அளவுகோல்கள். காகிதத்தில் 100 படுக்கை இருப்பதும் அவற்றில் நோயாளிகள் இருப்பதும் ஒன்றல்ல. ஒரு வார நாளின் முற்பகலில் அந்த மருத்துவமனையின் புறநோயாளிப் பிரிவுக்கு ஒரு நோயாளியின் உறவினரைப் போலச் சென்று உட்காருங்கள். கூட்டம் இருக்கிறதா, பிரசவங்கள் நடக்கின்றனவா, குழந்தைகள் வார்டு இயங்குகிறதா என்று பாருங்கள். வாசலில் நிற்கும் மூன்றாம் ஆண்டு மாணவியிடம் இரண்டே கேள்விகள் கேளுங்கள்: மனநலப் பிரிவுப் பயிற்சிக்கு எங்கே அனுப்புகிறார்கள், வார்டுக்கு டியூட்டர் (பயிற்சி ஆசிரியர்) உடன் வருகிறாரா? முதல் கேள்விக்கு ஒரு மருத்துவமனையின் பெயரும் இரண்டாவதற்கு ஆம் என்ற பதிலும் தயக்கமின்றி வந்தால் நம்பலாம்.

பணத்தைப் பொறுத்தவரை சுருக்கமாகச் சொல்ல வேண்டியவை சில. கல்விக் கட்டணம், விடுதி, சீருடை, பேருந்து, தேர்வுக் கட்டணம், பயிற்சி மருத்துவமனைக் கட்டணம் என நான்கு ஆண்டுகளுக்கும் சேர்த்து எழுத்தில் கேட்டு வாங்குங்கள். ஆறு முதல் பிளஸ் டூ வரை அரசுப் பள்ளியில் படித்த பெண்களுக்கு 2022இல் தொடங்கிய புதுமைப்பெண் திட்டத்திலும், ஆண்களுக்கு 2024இல் தொடங்கிய தமிழ்ப் புதல்வன் திட்டத்திலும் மாதம் 1,000 ரூபாய் கிடைக்கும். அரசு உதவிபெறும் பள்ளிகளில் தமிழ் வழியில் படித்தவர்களுக்கும் இவை உண்டு. பட்டியல் சாதி, பழங்குடி மாணவர்கள் போஸ்ட் மெட்ரிக் உதவித்தொகைக்கு முதல் ஆண்டிலேயே விண்ணப்பிக்க வேண்டும். வங்கிக் கடன் தேவைப்பட்டால் வித்யாலட்சுமி இணையதளம் வழியாக விண்ணப்பியுங்கள். மூலச் சான்றிதழ்களைக் கல்லூரிகள் பிடித்துவைத்துக்கொள்ளக் கூடாது என்று பல்கலைக்கழக மானியக் குழு 2018இல் அறிவித்திருக்கிறது. சரிபார்த்ததும் திரும்பக் கேளுங்கள். படித்து முடித்தபின் இத்தனை ஆண்டு இங்கேயே வேலை செய்வேன் என்ற உறுதிமொழித் தாள் எதிலும் படிக்காமல் கையெழுத்திட வேண்டாம்.

சேர்ந்த பிறகு

புதிய பாடத்திட்டம் 2021-22 கல்வியாண்டு முதல் நடைமுறையில் உள்ளது. முன்பிருந்த ஆண்டுமுறை போய், எட்டுப் பருவங்கள் கொண்ட செமஸ்டர் முறை வந்துவிட்டது. முதல் பருவத்தில் உடற்கூறியல், உடலியங்கியல், சமூகவியல், உளவியல், ஆங்கிலம், நர்சிங் அடிப்படைகள் ஆகியவை வருகின்றன. இரண்டாம் பருவத்தில் உயிர்வேதியியலும் உணவியலும், மூன்றிலும் நான்கிலும் நுண்ணுயிரியல், மருந்தியல், நோய்க்குறியியல், பெரியவர்களுக்கான செவிலியம் ஆகியவையும் வருகின்றன. ஐந்திலும் ஆறிலும் குழந்தை நலமும் மனநலமும், ஆறிலும் ஏழிலும் மகப்பேறு, ஐந்திலும் ஏழிலும் சமுதாய நலம். எட்டாம் பருவம் முழுவதும் பயிற்சிப் பணி: 22 வாரங்கள், வாரத்துக்கு 48 மணி நேரம்.

தேர்ச்சி விதிகளை முதல் வாரத்திலேயே மனத்தில் பதித்துக்கொள்ள வேண்டும். ஆங்கிலமும் விருப்பப் பாடங்களும் நீங்கலாக, எழுத்துத் தேர்விலும் செய்முறைத் தேர்விலும் தனித்தனியாக 50 சதவீதம் பெற வேண்டும். ஒன்றில் குறைந்ததை மற்றதால் ஈடுகட்ட முடியாது. தேர்வு எழுத ஒவ்வொரு பாடத்திலும் 80 சதவீத வருகை தேவை, காரணம் எதுவாக இருந்தாலும் சரி. பட்டம் பெறுவதற்குள் வார்டுப் பயிற்சியில் 100 சதவீத வருகையை நிறைவு செய்தாக வேண்டும் என்பதைத்தான் பலர் தாமதமாக அறிகிறார்கள். காய்ச்சலில் விடுப்பு எடுத்த நாளையும், அக்காள் திருமணத்துக்குப் போன நாளையும் விடுமுறையில் திரும்பச் செய்துதான் தீர வேண்டும். விடுபட்ட நாள்களை அந்தந்தப் பருவத்திலேயே ஈடுசெய்து, லாக் புக் எனும் பயிற்சிப் பதிவேட்டில் ஆசிரியரின் கையெழுத்தைத் தேதியோடு அன்றே வாங்குங்கள். அந்த ஆசிரியர் வேறு கல்லூரிக்குப் போய்விட்டால், இரண்டு ஆண்டு கழித்து அந்தக் கையெழுத்தை எவரிடமும் வாங்க முடியாது.

அரியர் வைத்துக்கொண்டு அடுத்த பருவத்துக்குப் போக அனுமதி உண்டு. ஆனால் ஐந்தாம் பருவத் தேர்வு எழுதும் முன் அதற்கு முந்தைய தாள்கள் அனைத்தையும் முடித்திருக்க வேண்டும். ஏழாம் பருவத் தேர்வுக்கு முன்பும் அதே விதி. முழுப் படிப்பையும் எட்டு ஆண்டுகளுக்குள் முடிக்க வேண்டும். ஆகவே முதல் நான்கு பருவங்களில் தங்கும் ஒரு தாளைச் சிறிய விஷயமாக விட்டுவிடக் கூடாது.

தமிழ் வழியில் படித்து வருபவர்களுக்கு முதல் ஆறு மாதங்கள் கடினமானவை. பாடநூலும் தேர்வும் ஆங்கிலத்தில்; உடற்கூறியலின் பெயர்களோ ஆங்கிலம்கூட அல்ல, லத்தீனும் கிரேக்கமும். இதற்குப் பயந்து மனப்பாடத்தில் இறங்குவது வீண். ஒவ்வொரு நாளும் வகுப்பில் கேட்ட ஓர் இயக்கத்தை, உதாரணமாகச் சிறுநீரகம் நீரை எப்படித் தக்கவைக்கிறது என்பதை, முதலில் தமிழில் உங்களுக்கே விளக்கிக்கொள்ளுங்கள். பிறகு அதே விளக்கத்தைக் கலைச்சொற்களோடு ஐந்து ஆங்கில வாக்கியங்களில் எழுதிப் பாருங்கள். இதைத் தவறாமல் செய்யும் மாணவர்கள் இரண்டாம் பருவத்துக்குள் மற்றவர்களோடு சமமாகிவிடுகிறார்கள். வார்டில் அவர்களுக்கு ஒரு பெரும் வலிமையும் உண்டு: நோயாளி தன் நோவைச் சொல்லும் தமிழ் அவர்களுக்கு நன்றாகப் புரியும். நெஞ்சு கரிக்கிறது என்பதையும் நெஞ்சு அடைக்கிறது என்பதையும் பிரித்தறிந்து உரிய நேரத்தில் மருத்துவரிடம் சொல்லும் செவிலியர் ஓர் உயிரைக் காக்கிறார்.

வார்டுக்குள் நுழையும் முன் ஹெபடைட்டிஸ் பி தடுப்பூசியை மூன்று தவணைகளும் முடித்திருக்க வேண்டும். முதல் ஊசிக்குப் பின் ஒரு மாதத்தில் இரண்டாவதும், ஆறாம் மாதத்தில் மூன்றாவதும் போடப்படுவதால், இடம் கிடைத்த வாரத்திலேயே தொடங்கிவிடுங்கள். பயிற்சியின்போது ஊசி குத்திவிட்டால் விரலைப் பிதுக்கக் கூடாது. ஓடும் நீரில் சோப்புப் போட்டுக் கழுவி, உடனே வார்டு பொறுப்புச் செவிலியரிடம் சொல்ல வேண்டும். எச்.ஐ.வி. தடுப்பு மருந்து தேவைப்பட்டால் அதைச் சில மணி நேரத்துக்குள் தொடங்குவதே நல்லது. 72 மணி நேரத்துக்குப் பின் தொடங்குவதில் பயனில்லை. திட்டு விழும் என்று பயந்து மறைக்கும் மாணவிகள் இருக்கிறார்கள். ஆசிரியர்கள் அந்தப் பயத்தை முதல் நாளிலேயே போக்க வேண்டும்.

மருந்துக் கணக்கு இரண்டாம் பருவத்தில் வருகிறது. அதைத் தேர்வுக்கான கணக்காகப் படிக்கக் கூடாது. ஒரு லிட்டர் குளுக்கோஸ் எட்டு மணி நேரத்தில் ஏற வேண்டும், டிரிப் செட்டில் ஒரு மில்லிக்கு 20 சொட்டு என்றால், 1,000ஐ 20ஆல் பெருக்கி 480 நிமிடத்தால் வகுக்க வேண்டும். நிமிடத்துக்கு ஏறத்தாழ 42 சொட்டு. கையில் கடிகாரத்தை வைத்துக்கொண்டு சொட்டை எண்ணி இந்த வேகத்துக்குக் கொண்டுவருவதை ஆய்வகத்தில் வெறும் நீரை வைத்துப் பலமுறை செய்து பழகுங்கள். இன்சுலினில் கூடுதல் கவனம் வேண்டும். ஒரு மில்லியில் 40 யூனிட் உள்ள குப்பியும் 100 யூனிட் உள்ளதும் நம் நாட்டில் சேர்ந்தே புழங்குகின்றன. 40 யூனிட் குப்பிக்கு அதற்குரிய சிரிஞ்சையே எடுக்க வேண்டும். சிரிஞ்சை மாற்றி எடுத்தால் மருந்து இரண்டரை மடங்கு கூடும் அல்லது குறையும். குப்பியின் மேல் எழுதியிருப்பதை வாய்விட்டுப் படித்து, உடன் இருப்பவரிடம் காட்டிய பிறகே ஊசி போடும் பழக்கத்தை மாணவப் பருவத்திலேயே கொண்டால் அது கடைசிவரை கூடவே வரும்.

வார்டில் கற்பதற்கு ஒரு முறையும் உண்டு. ஒவ்வொரு போஸ்டிங்கிலும் (வார்டுப் பயிற்சி முறையிலும்) ஒரு நோயாளியை முழுமையாக எடுத்துக்கொள்ளுங்கள். அவருடைய பரிசோதனை முடிவுகள், ஒவ்வொரு மருந்தும் ஏன் தரப்படுகிறது என்பது, நேற்றைக்கும் இன்றைக்கும் அவரிடம் மாறியது எது என்பது, வீட்டுக்குப் போனபின் அவரை யார் பார்த்துக்கொள்வார்கள் என்பது வரை எழுதுங்கள். கேர் பிளானை, அதாவது நோயாளிக்கான பராமரிப்புத் திட்டத்தை, மூத்த மாணவரின் நோட்டிலிருந்து பார்த்து எழுதுவது பரவலான வழக்கமாகிவிட்டது. அது மதிப்பெண்ணைத் தரலாம், கண்ணைத் திறக்காது. பணிமாற்ற நேரத்தில் மூத்த செவிலியர்கள் ஓவர் கொடுக்கும்போது, அதாவது நோயாளிகளின் நிலையைச் சொல்லி அடுத்தவரிடம் ஒப்படைக்கும்போது, பக்கத்தில் நின்று கேளுங்கள். பாடநூலின் பல பக்கங்கள் சொல்லாததை அந்தப் பத்து நிமிடம் கற்றுத்தரும்.

இரவுப் பணியும் மரணத்தை அருகில் பார்ப்பதும் இருபது வயதில் எவரையும் உலுக்கக்கூடியவை. முதன்முதலாக நோயாளி ஒருவரை இழக்கும் மாணவர் அழுவதில் வெட்கப்பட எதுவுமில்லை. ஆசிரியரிடமோ தோழியிடமோ அன்றைக்கே பேசுங்கள். தூக்கமின்மை வாரக்கணக்கில் நீடித்தால் மனநலத் துறையின் உதவியைக் கேளுங்கள்.

எட்டாம் பருவம் முடிந்து தேர்ச்சி பெற்றாலும் அப்போதே செவிலியராகப் பணியாற்ற முடியாது. 1926ஆம் ஆண்டுச் சட்டத்தின்கீழ் இயங்கும் தமிழ்நாடு செவிலியர் மற்றும் தாதியர் குழுமத்தில் செவிலியராகவும் தாதியராகவும் (பிரசவம் பார்ப்பவராகவும்) பதிவு பெற வேண்டும். தற்காலிகப் பட்டச் சான்றிதழ் கைக்கு வந்தவுடன் விண்ணப்பியுங்கள்; பதிவு எண் இல்லாமல் அரசு வேலைக்கும் நல்ல தனியார் வேலைக்கும் போக முடியாது. அதே நேரத்தில் எல்லாப் பருவங்களின் மதிப்பெண் பட்டியல்களையும், பாடவாரியாகக் கற்பித்த மணி நேரங்களைக் காட்டும் டிரான்ஸ்கிரிப்ட்டையும் கல்லூரியிலேயே கேட்டு வாங்கிவிடுங்கள். வெளிநாட்டுப் பதிவுக்கு இது தேவைப்படும்; கல்லூரியை விட்டு வந்தபின் இதை வாங்குவது எளிதல்ல.

அரசுப் பணிக்கு 2012இல் அமைக்கப்பட்ட மருத்துவப் பணியாளர் தேர்வு வாரியம் தேர்வு நடத்துகிறது. எய்ம்ஸ் மருத்துவமனைகளின் செவிலியர் பணிக்கு நார்செட் என்ற தேர்வு உண்டு. வெளிநாடு செல்ல விரும்புவோர் தமிழ்நாடு அரசின் நிறுவனமான ஓவர்சீஸ் மேன்பவர் கார்ப்பரேஷனை முதலில் அணுகுவது பாதுகாப்பானது. ஜெர்மனிக்கு ஜெர்மன் மொழித் தேர்ச்சியும், பிரிட்டனுக்கு ஐ.இ.எல்.டி.எஸ். அல்லது ஓ.இ.டி. என்ற ஆங்கிலத் தேர்வில் தேர்ச்சியும் வேண்டும். எம்.எஸ்சி. நர்சிங் படிக்க விரும்புவோருக்குப் பட்டத்துக்குப் பின் குறைந்தது ஓராண்டுப் பணி அனுபவம் தேவை. தீவிர சிகிச்சைப் பிரிவில் நாட்டம் உள்ளவர்கள், இரண்டாண்டு நர்ஸ் பிராக்டிஷனர் படிப்பையும் எண்ணிப் பார்க்கலாம். இரண்டில் எதற்குப் போவதானாலும் முதல் வேலையைப் படுக்கைகள் அதிகமுள்ள மருத்துவமனையில் தேடுங்கள்; விலகும் நாளில் பணிபுரிந்த துறையும் தொடங்கிய தேதியும் முடிந்த தேதியும் குறிப்பிட்ட அனுபவச் சான்றிதழைக் கையோடு வாங்கிக்கொள்ளுங்கள்.